மீட்ட உடலுக்கு ஏற்ற உடை

வாரத்தில் ஆறு நாள் நிறுவனத்தின் சீருடையில் உழைக்கும் ஆண்மகன், அரும்பாடுபட்டுத் தன் உடலைச் சீர்செய்துகொண்ட பின், தனக்கென்று எஞ்சும் நாளில் எதை உடுத்துவது? ஒரகடம் தொழிற்பிரதேசத்தை முன்வைத்து ஒரு பரிசீலனை.

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் ஒரகடத்துக்கு அருகில் இருக்கும் வடக்குப்பட்டு என்னும் சிற்றூர், இந்தியத் தொல்லியல் துறையினர் 2022ஆம் ஆண்டில் அங்கே மண்ணை அகழ்ந்து பார்த்தபோது, கற்கால மனிதன் கையாண்ட கருவிகளையும், அவனுக்கு வெகுகாலத்துக்குப் பின் வாழ்ந்த மக்கள் விட்டுச்சென்ற கண்ணாடி மணிகளையும், ரோமானியச் சாடிகளின் சில்லுகளையும் வெளிப்படுத்தித் தன் பழமையை உலகறியச் செய்தது. பண்டைக் காலத்தில் கடல் கடந்த வாணிபம் தொட்டுச் சென்ற இதே பூமியை, நம் காலத்தில் கடல் கடந்து வந்த தொழில்கள் நிறைத்திருக்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதலாக, 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடத்தில் எழும்பிய ஆலைகளை நாடி, தென்மாவட்டங்களிலிருந்தும், வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய தூர ராஜ்யங்களிலிருந்தும் வந்து சேர்ந்த ஆண்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களில் வாடகை அறைகளிலும் சிறு வீடுகளிலும் குடியிருக்கிறார்கள்.

இவர்கள் அணியும் உடை பெரும்பாலும் இவர்களே தேர்ந்துகொள்வதன்று. காலை ஷிப்டானாலும் இரவு ஷிப்டானாலும், கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறபோதே, சாம்பல் நிறமோ நீலமோ காக்கியோ ஆன சட்டையும், கனத்த பாதுகாப்பு ஷூவும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் அவர்களை ஒரே தோற்றத்தினராக ஆக்கிவிடுகின்றன. சீருடையை நாம் குறைகூற வரவில்லை. இயந்திரத்தினருகே அது பத்திரத்தைத் தருகிறது. மேலதிகாரிக்கும் தொழிலாளிக்கும் இடையிலுள்ள பேதத்தைச் சில ஆலைகளில் அது வெளித்தோற்றத்திலாவது மறைக்கிறது. ஆயினும், வாரம் முழுவதும் பிறர் நிச்சயித்த உடையில் நடமாடுகிற ஒருவனுக்கு, விடுமுறை நாளில் தானே எடுத்து அணிகிற சட்டை ஒன்றே ‘இது நான்’ என்று அவன் உலகத்துக்குச் சொல்லக்கூடிய உடையாகிறது. அந்த உடைக்கு உரிய கவனத்தை அளிப்பது வீண் ஆடம்பரம் ஆகாது என்பதும், சொந்த முயற்சியால் உடலை மீட்டுக்கொண்டவனுக்கு அது ஒரு கடமையே ஆகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இளைத்தவனை நோயாளியாக்கும் சட்டை

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16இல் தமிழ்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 28 பேராக இருந்த எடை மிகுந்தோர் தொகை, 2019-21இல் 37 பேராக உயர்ந்துவிட்டது. இந்தியர்களின் சரீர அமைப்பில் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே அதிகத் தீங்கு செய்கிறது என்பதால், நம் நாட்டு மருத்துவ நிபுணர்கள் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை மேலைநாட்டாருக்குரிய அளவைவிடக் குறைத்து, 90 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ முப்பத்தைந்தரை அங்குலம் என்று வகுத்திருக்கிறார்கள். மாறி மாறி வரும் ஷிப்டுகளில் வேலை செய்கிறவர்களுக்கு, தூக்கம் கலைந்து, உண்ணும் வேளை தவறி, எடை கூடுவதற்கும் நீரிழிவு தோன்றுவதற்கும் வாய்ப்பு அதிகம் என்பதை மருத்துவ ஆராய்ச்சிகள் பல எடுத்துக்காட்டியுள்ளன. ஆலைப் பிரதேசத்தில் முப்பது வயதுக்குள்ளேயே தொந்தி விழுந்த வாலிபர்களைக் காண்பது அரிதாக இல்லாததன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

இத்தகைய சூழ்நிலையில் ஒருவன் மனத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, அதிகாலையில் ஏரிக்கரையில் நடந்தும், சோற்றின் அளவைக் குறைத்தும், டீயுடன் வந்த பஜ்ஜியை விலக்கியும், மாதக் கணக்கில் பாடுபட்டு உடலைச் சீர்படுத்திக்கொள்வானாயின், அது பாராட்டுக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. சர்க்காரும் இம்முயற்சிக்குத் துணை நிற்க முன்வந்து, 2023 நவம்பர் 4ஆம் தேதி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை நிர்ணயித்தது. அச்சமயம் சுகாதார மந்திரியாக இருந்த மா. சுப்பிரமணியன், நடுவயதில் ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட நெடுந்தூர ஓட்டங்களை முடித்தவர் என்பது, வயது கடந்துவிட்டது என்று சோர்ந்திருப்போருக்குத் தைரியமளிக்கும் திருஷ்டாந்தம்.

ஆனால், நம் ஊரில் இளைத்த மனிதனுக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு எது? “என்னண்ணே, உடம்புக்கு என்ன? சுகரா?” என்கிறார் டீக்கடைக்காரர். “டேய் தம்பி, மெஸ் சாப்பாடு ஒத்துக்கலையாடா?” என்று கலங்குகிறாள் ஊரிலிருந்து வந்த அத்தை. “கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் இப்படி வாடிப்போய்விட்டானே” என்று தாய் தனியே அங்கலாய்க்கிறாள். சதைப்பிடிப்பைச் செழிப்புக்கும் மெலிவை நோய்க்கும் அடையாளமாகக் கொண்ட, பசியை அறிந்த தலைமுறைகளின் அன்பு இப்படித்தான் பேசும்; அதைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வராது. அந்தச் சந்தேகத்துக்கு முக்கால் பங்கு காரணம் உடலில் இல்லை; உடையில் இருக்கிறது. தோளைவிட்டு வழிந்து முழங்கையை நோக்கி இறங்கும் சட்டைத் தோளும், இரண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கையே நுழையும் காலரும், பெல்ட்டில் புதிதாக ஆணியால் குத்திய துளைவரை இழுத்துக் கட்டியதால் இடுப்பைச் சுற்றிச் சுருக்கம் விழுந்த பேண்ட்டும், ஆரோக்கியத்தை வருந்திப் பெற்ற ஒருவனை ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வீடு திரும்பியவனாகக் காட்டிவிடுகின்றன. அதே மனிதன் அளவான சட்டை ஒன்றை அணிந்துகொண்டு அதே டீக்கடைக்குச் சென்றால், கேள்வியே மாறி, “ஜிம்முக்குப் போறீங்களாண்ணே?” என்று வருவதைக் காணலாம்.

எப்போது மாற்றுவது?

எடை குறையத் தொடங்கிய உற்சாகத்தில் உடனே கடைக்கு ஓடுவது உசிதமன்று. இறங்கிக்கொண்டிருக்கும் உடலுக்கு வாங்கிய துணி, இரண்டு மாதத்தில் மீண்டும் தொளதொளத்துவிடும். ஆதலால், எடை ஒரு நிலைக்கு வந்து, ஏறாமலும் இறங்காமலும் இரண்டு மூன்று மாதம் நிலைத்து நிற்கும்வரையில், இருப்பதில் இரண்டு சட்டையையும் ஒரு பேண்ட்டையும் மட்டும் பிடித்துக்கொண்டு சமாளிப்பதே விவேகம். அவ்விடைக்காலத்தில் எலாஸ்டிக் வைத்த ட்ராக் பேண்ட்டே கதி என்று இருப்பதை மாத்திரம் தவிர்க்க வேண்டும். எலாஸ்டிக் யாரிடமும் உண்மையைச் சொல்வதில்லை. இடுப்பில் ஓர் அங்குலம் கூடினால் அது விரிந்து இடம் கொடுத்துவிடும். பட்டன் வைத்த இடுப்புப் பட்டியோ அதே தினத்தில் நம்மை எச்சரிக்கும். குறைத்த எடை மீண்டும் ஏறுவது உலகெங்கும் காணப்படும் அனுபவமாதலால், அளவான பேண்ட் ஒன்று தினமும் கூலி கேட்காமல் காவல் செய்யும் காவற்காரனாகிறது.

எடை நிலைத்த பின், முதற்காரியம் அளவெடுப்பது. பலர் தங்கள் இடுப்பளவு என்று சொல்வது பேண்ட்டின் உள்ளே தைத்திருக்கும் சீட்டிலுள்ள எண்ணையே. அவ்வெண்ணை நம்புவதற்கில்லை; வாங்குவோர் மனம் குளிர வேண்டும் என்பதற்காக, முப்பத்தாறு அங்குலத் துணியில் முப்பத்து நான்கு என்று பொறிக்கும் வழக்கம் ஆயத்த ஆடை வியாபாரத்தில் உலகெங்கும் உண்டு. அன்றியும், நம் நாட்டில் விற்கும் ஆயத்த ஆடைகளின் அளவுகள் நெடுங்காலமாக அமெரிக்க, ஐரோப்பிய உடலமைப்பைத் தழுவியே வகுக்கப்பட்டு வந்திருக்கின்றன. இக்குறையைப் போக்கும் பொருட்டு, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் என்னும் நிஃப்ட், 15 முதல் 65 வயதுவரையுள்ள 25,000க்கும் மேற்பட்ட இந்தியர்களை முப்பரிமாண ஒளிக்கருவிகளால் அளந்து, இந்திய உடலுக்கென்று ஓர் அளவுப் பட்டியலை உருவாக்கும் ‘இந்தியா சைஸ்’ என்னும் பெருமுயற்சியை மேற்கொண்டது. அந்தப் பட்டியல் ஒவ்வொரு கடையின் அலமாரிக்கும் வந்து சேரும்வரை, நம் ஊர்த் தையல்காரரின் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பே நமக்கு நம்பகமான பிரமாணம்.

அளவெடுக்கையில் இரண்டு இடுப்புகள் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. மருத்துவர் அளப்பது, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே. தையல்காரர் அளப்பது, பேண்ட் நிற்கும் இடத்தில். தொந்தி இருந்த காலத்தில் பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிப் பழகியவர்கள், தொந்தி மறைந்த பிறகும் அதே இடத்திலேயே கட்டுவார்கள். அதனால் கால்கள் குட்டையாகவும் உடல் நீளமாகவும் தோன்றும். பேண்ட் நிற்கும் இடத்தை ஓரங்குலமேனும் உயர்த்தி, அங்கே அளவெடுக்கச் சொல்வது நலம். உடற்பயிற்சியால் இளைத்தவர்களுக்கு வயிறு சுருங்கினாலும் தோளும் முதுகும் சற்று விரிந்திருக்கக் கூடுமாதலால், மார்பளவையும் தோளளவையும் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதாமல், புதிதாக அளக்கச் செய்ய வேண்டும்.

தையல்காரரிடம் கேட்க வேண்டியவை

ஆயத்த ஆடை பெருகிய பிறகு, சட்டைத் துணி எடுத்துத் தைப்போர் குறைந்துவிட்டமையால், தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரர்கள் பலருக்கு ஆல்ட்ரேஷன் வேலையே பிரதான ஜீவனமாகிவிட்டது. அவ்வேலையில் அவர்களுக்குள்ள சாமர்த்தியத்தை நாம் போதிய அளவு உபயோகித்துக்கொள்வதில்லை. இளைத்தவனின் அலமாரியிலுள்ள துணிகளில் எவை பிழைக்கும், எவை பிழைக்கா என்பதைக் கண்டறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. சட்டையை அணிந்து கண்ணாடி முன் நின்று, தோள் தையல் தோளெலும்பின் முனையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்குமாயின், அந்தச் சட்டையைக் காப்பாற்றிவிடலாம்; இரு பக்கத் தையலையும் பிடித்து, அவசியமானால் முதுகில் டார்ட் என்னும் மடிப்புத் தையல் இரண்டு பிடித்தால், வயிற்றருகே பலூனாக உப்பியிருந்த சட்டை உடலோடு இணங்கிவிடும். தோள் தையல் கையின்மீது வழிந்திருந்தாலோ, கையைப் பிரித்து, தோளை வெட்டி, மீண்டும் கையேற்ற வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் கூலியையும் கிடைக்கும் பலனையும் எடைபோட்டால், விலையுயர்ந்த சட்டையாக இருந்தாலன்றி அதில் இறங்குவது லாபமாகாது.

பேண்ட்டின் விஷயம் வேறு. இடுப்பின் பின்புற நடுத்தையலில் இரண்டு அங்குலம்வரை தாராளமாகப் பிடிக்கலாம். அதற்குமேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, பக்கத் தையல்கள் பின்னோக்கித் திரும்பி, முழுப் பேண்ட்டும் கோணலாகத் தோன்றும். இடுப்பை மாத்திரம் பிடித்துவிட்டு, சீட்டையும் தொடையையும் அப்படியே விட்டால், மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த விகாரம் ஏற்படும். ஆகவே, “இடுப்போட சேர்த்து சீட்டையும் தொடையையும் பிடிச்சுக் கொடுங்கண்ணே, பாட்டத்தைத் தொடாதீங்க” என்று விவரமாகச் சொல்வது அவசியம். நான்கு அங்குலம் இளைத்தவர்கள் பழைய பேண்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு விடைகொடுத்துவிட்டு, துணி நயமாயுள்ள ஒன்றிரண்டை மட்டும் பிரித்துத் தைக்கக் கொடுப்பது புத்திசாலித்தனம். எதைப் பிடிக்கக் கொடுத்தாலும், அதற்கு முன் ஒரு முறை துவைத்து உலர்த்திக் கொடுக்க வேண்டும். இன்னும் சுருங்கி முடியாத பருத்தியைப் பிடித்துவிட்டு, பின்னர் அது சலவையில் சுருங்கினால், குற்றம் தையல்காரர் தலையில் அநியாயமாக விழும்.

நம் மண்ணின் துணி

அளவுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது துணியின் சுபாவம். சீருடைத் துணிகளில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். அது உழைக்கும், கசங்காது, சீக்கிரம் உலரும். ஆனால், சாதாரணமான காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய எட்டு சதவிகிதம் ஈரத்தை உள்வாங்கிக்கொள்ள, பாலியஸ்டரோ அரை சதவிகிதத்தைக்கூட ஏற்பதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பிரதேசத்தின் புழுக்கத்தில் வாரம் முழுவதும் அந்தத் துணிக்குள் வெந்த சரீரத்துக்கு, ஓய்வு நாளிலேனும் பருத்தியின் ஸ்பரிசத்தை அளிப்பது நியாயம். நூலின் எண் 40, 60, 80 என்று உயர உயர இழை மெலிந்து துணி மென்மையாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, தினசரிச் சட்டைக்கு நாற்பதாம் எண்ணும், விசேஷத்துக்கு அறுபதோ எண்பதோ தேர்ந்துகொள்ளலாம். டி-ஷர்ட் வேண்டுவோர் திருப்பூரின் பின்னலாடைகளில், சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம்வரை எடையுள்ளதைக் கேட்டு வாங்கினால், அது உடலோடு ஒட்டி அசௌகரியம் தராமலும், கனத்து வேர்க்க வைக்காமலும் இருக்கும்.

மெல்லிய பருத்தியை நெய்வதில் நம் நாட்டுக்குள்ள கீர்த்தி நேற்று வந்ததன்று. வடக்குப்பட்டு மண்ணில் கிடைத்த சாடிகளின் ஜாதியைச் சேர்ந்தவற்றைக் கப்பலேற்றி வந்த யவன வணிகர்களின் காலத்தில், அவர்கள் மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல், உறையூரையே குறிக்கிறது என்று அறிஞர் பலர் கருதும் ஓர் ஊரின் மெல்லிய துணிகளைப் பற்றிக் கூறுகிறது. பிற்காலத்தில் சென்னைத் துறைமுகத்தின் பெயரையே தாங்கி மேற்கு ஆப்பிரிக்காவரை சென்ற மதராஸ் கட்டத் துணியின் சரித்திரமோ இன்னும் சுவாரசியமானது. 1958இல் வில்லியம் ஜேக்கப்ஸன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து இத்துணியை வாங்கிச் சென்றார். குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்குவோரை எட்டாமற்போனதால், ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் அமெரிக்க ஆடைக் கடையில் அதை வாங்கியவர்களின் சட்டைகளில் சாயம் ஓடி, புகார்கள் எழுந்தன. ஆனால், ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுமை பெறுவதையே அத்துணியின் தனிச்சிறப்பாக விளம்பரம் செய்த பின், அமெரிக்க வாலிபர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அவர்கள் கோடை விடுமுறைக்கு உகந்ததென்று போற்றிய துணி நம்முடையது, வெப்பமும் நம்முடையது, நம் வாலிபரோ அந்நியக் குளிர் தேசத்துக்கென்று வகுத்த கனத்த டெனிமை மே மாதத்திலும் அணிந்து துன்புறுகிறார்கள். ஜீன்ஸ் ஒன்று இருக்கட்டும். அது உறுதியானது, ஷிப்டு முடிந்து பைக்கில் செல்வோருக்கு உபயோகமானது. கைத்தறிக் கட்டம் போட்ட சட்டை இரண்டேனும் அதற்குத் துணையாக இருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் இத்தகைய துணிகள் கிடைக்கின்றன. அங்கே செலவிடும் பணம் நெசவாளி வீட்டு அடுப்பைச் சென்று சேர்கிறது என்பது கூடுதலான திருப்தி.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். “கறுத்த தேகத்துக்கு அழுத்தமான கலர் எடுக்காது” என்று துணிக்கடையில் விற்பவரும் கூட வந்தவரும் சேர்ந்து சொல்ல, வெளிறிய நீலத்தையும் சந்தன நிறத்தையும் தவிர வேறொன்றையும் அறியாமலே ஆயுளைக் கழித்த ஆண்கள் நம்மிடையே எத்தனையோ பேர். இது தேகத்தின் நிறத்தைப் பற்றி நம்முள் ஊறிப்போன தாழ்வெண்ணத்திலிருந்து பிறந்த அபிப்பிராயமேயன்றி, கண்ணுக்குத் தெரிந்த உண்மையன்று. அரக்குச் சிவப்பும், மாந்தளிர் நிறமும், மயில் நீலமும், கடுகு மஞ்சளும் கறுத்த மேனியில் பொலிவதை நம் கோயில் திருவிழாக்களில் காண்கிறோம். சீருடையின் சாம்பலையும் நீலத்தையும் ஆறு நாள் சுமந்தவன் ஏழாம் நாளில் அவற்றையே மறுபடியும் வாங்கி அணிய வேண்டிய நிர்ப்பந்தம் எதுவுமில்லை.

வேட்டியின் பெருந்தன்மை

நம் முன்னோருக்கு உடையின் அளவு பற்றிய இந்தப் பிரச்சினையே எழவில்லை என்பதைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். நாலு முழமானாலும் எட்டு முழமானாலும், வேட்டிக்கு இடுப்பளவு என்று ஒன்றில்லை. பருத்தவனும் இளைத்தவனும் ஒரே வேட்டியை ஒரே கௌரவத்துடன் உடுத்தலாம். ஆதலால், உடலை மாற்றிக்கொண்டவனின் அலமாரியில் நஷ்டமில்லாமல் தப்பிப் பிழைக்கும் உடை வேட்டி ஒன்றே. அதன்மீது அணியும் சட்டையை மட்டும் அளவாக்கிக்கொண்டால் போதும். 2014 ஜூலையில் சென்னையிலுள்ள ஒரு கிரிக்கெட் சங்கக் கிளப்பில், வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனுக்கு அனுமதி மறுக்கப்பட்டதும், அதனால் எழுந்த கண்டனத்தின் விளைவாக, அத்தகைய தடைகளை விலக்கும் சட்டம் அதே ஆண்டிலேயே சட்டசபையில் நிறைவேறியதும், அவ்வுடையை நம் மக்கள் எவ்வளவு உயர்வாக மதிக்கிறார்கள் என்பதற்குச் சான்று. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டுமன்றி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் நண்பர் வீட்டுக்குச் செல்லவும் வேட்டி உடுத்தும் வழக்கத்தை வாலிபர்கள் மீட்டுக்கொண்டால், செலவும் குறையும், புழுக்கமும் குறையும்.

எத்தனை போதும்?

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, மாதச் சம்பளத்தைத் துணிக்கடையில் கொட்ட வேண்டும் போலும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. வாரத்தில் ஓரிரு நாளே சொந்த உடை அணியும் மனிதனுக்கு, தோளில் சரியாக நிற்கும் சட்டை மூன்று, டி-ஷர்ட் மூன்று, பருத்திப் பேண்ட் இரண்டு, ஜீன்ஸ் ஒன்று, வேட்டி ஒன்று, நடைப்பயிற்சிக்கென்று தனியாக ஒரு ஜோடி, இவற்றுடன் இடுப்புக்கேற்ற புதிய பெல்ட் ஒன்றும் இருந்தால் தாராளம். இவற்றுள் பாதியைப் பழைய துணிகளைப் பிடித்தே தயாரித்துக்கொள்ளலாம். மீதியை ஒரே நாளில் வாங்காமல், மாதத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். ஒப்பந்தத் தொழிலாளியாக, ஓவர்டைம் பார்த்தால்தான் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் இது எட்டாத காரியமன்று. சலுகை விற்பனையில் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கும் அளவு தவறிய சட்டைகளைக் குவிப்பதைவிட, அளவான ஒன்றே மேல் என்பதை மட்டும் உறுதியாகப் பற்றிக்கொண்டால் போதும். உணவில் அளவைக் கற்றுக்கொண்டவனுக்கு இந்த அளவும் எளிதில் கைவரும்.

கழித்த துணிகளை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. “எதற்கும் இருக்கட்டும், மறுபடி குண்டானால் ஆகும்” என்று பீரோவின் அடித்தட்டில் அவற்றைப் பத்திரப்படுத்துகிறவர்கள் பலர். அந்தப் பத்திரத்தில் தன் முயற்சியின்மீது தானே கொண்ட அவநம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நல்ல நிலையிலுள்ளவற்றைத் துவைத்து, அறுந்த பட்டனைத் தைத்து, கிழிசலை மூட்டி, மடித்து, அளவு பொருந்தும் உறவினருக்கோ, அயலூரிலிருந்து புதிதாக வேலை தேடி வந்திருக்கும் தோழருக்கோ அளிக்கலாம். 1999இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கி நாடெங்கும் துணிகளைச் சேகரித்து உதவும் கூஞ்ச் போன்ற ஸ்தாபனங்களுக்கும் கொடுக்கலாம். தான் அணியக் கூசும் நிலையிலுள்ளதைப் பிறருக்குத் தருவது தானமாகாது. அது துடைக்கும் துணியாகட்டும்.

நம் குடும்பங்களில் பண்டிகைக்குத் துணியெடுக்கும் வரிசை அனைவரும் அறிந்ததே. முதலில் குழந்தைகள், பிறகு மனைவி, பெற்றோர், தங்கை, தங்கை குழந்தைகள். பையில் மிஞ்சிய பணத்துக்குக் கடைசியில், கடை மூடும் நேரத்தில், அளவுகூடப் பார்க்காமல் தனக்கொரு சட்டை. இந்தத் தியாகத்தில் அழகு உண்டு. அதை எள்ளளவும் குறைத்துப் பேச நாம் துணியமாட்டோம். ஆனால், குடும்பத்துக்காகவே உடலைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று உணர்ந்து, நோயின் வாயிலிலிருந்து தன்னைத் திருப்பிக்கொண்டு வந்த ஒருவன், அக்குடும்பத்தார் கண்ணுக்குத் தினமும் நோயாளியாகக் காட்சியளிப்பது அவர்களுக்கும் துன்பமே. ஆகவே, வரும் தீபாவளிக்கு அவனுக்குரிய துணியைக் கடைசி நேரத்துக்கு ஒத்திவைக்காமல், போனஸ் வந்த வாரத்திலேயே தையல்காரரிடம் சென்று, பழைய நோட்டை மூடச் சொல்லிவிட்டு, கழுத்து, தோள், மார்பு, இடுப்பு என்று ஒவ்வொன்றையும் புதிதாக அளக்கக் கொடுக்கட்டும். அந்தச் செலவை வீட்டிலுள்ளவர்களும் அநாவசியம் என்று கருதாமல், “உனக்கு என்ன நிறம் பிடிக்கும்?” என்று அவனிடம் கேட்கட்டும். பல்லாண்டுகளாகப் பிறர் தேர்ந்த உடையிலேயே உழைத்து வந்தவனிடம் யாரும் கேட்டிராத கேள்வி அதுவாகவே இருக்கக்கூடும்.